எடுக்காத கர்ப்பப்பை

என் கர்ப்பப்பை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெண்ணைப் பத்து மாதம் சுமந்து பெற்றுப் போட்டது. அதற்குப் பிறகு எந்தக் கத்தியும் அதன்மேல் பட்டதில்லை. ஆனால் ஓசூரில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், ராயக்கோட்டையில் என் கணவரின் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான் வேலை செய்யும் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாக அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். எடுத்தது வலது மார்பை. வந்தது புற்றுநோய். இதை எழுத இத்தனை மாதம் ஆனதற்குக் காரணம் வெட்கம் இல்லை. என்னைச் சொல்ல விடவில்லை, அவ்வளவுதான்.

பொய் பிறந்தபோது நான் மயக்கத்தில் இருந்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்றுகொண்டு என் நாத்தனார் அந்த முடிவை எடுத்தாள். என் கணவரின் அக்கா. ராயக்கோட்டையில் தக்காளித் தோட்டம், மண்டி, ஆள் அம்பு என்று பெரிய குடும்பம். அவள் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத குடும்பம். நான் கண் விழித்தபோது போனிலேயே எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். கட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் தடவிப் பார்க்கும் முன்பே எனக்கு வேறொரு நோய் முடிவாகிவிட்டது.

"ஊட்டுல பொம்பளப் புள்ள இருக்குது. மார்ல கேன்சர்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? ஆத்தாளுக்கு வந்தது மவளுக்கும் வரும்பான். கர்ப்பப்பைன்னா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. ஊர்ல முக்காவாசிப் பேருக்கு எடுத்தாச்சு" என்றாள்.

கடைசி வாக்கியம் உண்மை. எங்கள் பக்கத்தில் நாற்பது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை எடுத்த கதையைக் காது குத்தின கதை மாதிரி பேசுவார்கள். அது கௌரவமான நோய். உழைத்துத் தேய்ந்த பெண்ணுக்கு வருவது. மார்பில் வருவது அப்படியில்லையாம். அது என்னவோ நான் செய்த காரியத்துக்குக் கிடைத்த கூலியாம்.

என் கணவர் வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே கத்திப் பேசினால்தான் காதில் விழும். அந்தக் கத்தலையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு வருவார் போலிருக்கிறது, வீட்டில் வாயே திறக்க மாட்டார். "அக்கா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுது" என்றார். நம்ம நல்லது. அந்த 'நம்ம'வில் நான் எங்கே இருந்தேன் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் எனக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்தாள். கர்ப்பப்பை எடுத்தவர்கள் வயிற்றில் கட்டுகிற அகலமான பெல்ட். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அதை என் வயிற்றில் இறுக்கிக் கட்டி, மேலே நைட்டியை இழுத்துவிட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டு உட்கார வைப்பாள். துண்டு, இல்லாததை மறைக்க. பெல்ட், இருக்கிறதைக் காயம் என்று காட்ட. வந்தவர்கள் ஆளாளுக்கு என் வயிற்றைப் பார்த்துப் பேசுவார்கள். "குனியாத. குந்தாத. குடத்தத் தூக்காத. வெந்நித் தண்ணி மட்டும் குடி." நான் வயிற்றில் கை வைத்துத் தலையாட்டுவேன். அப்போது என் வலது பக்கம் தீப்பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சரி, தெரிய வேண்டாம். ஆனால் வந்தவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் மற்றவர்களா முடிவு செய்வது?

எங்கே வலித்தது என்று இப்போது சொல்கிறேன். தையல் போட்ட இடம் அவ்வளவு இல்லை. அது மரத்துப் போய்விட்டது, தொட்டால் வேறு யாரையோ தொடுகிற மாதிரி இருக்கும். வலி அக்குளில். அங்கிருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கைவரை உள்ளே ஒரு கம்பியைக் கட்டி இழுப்பது போல இருக்கும். மேல்கையின் உள்பக்கம் ரவிக்கைத் துணி உரசினாலே எரியும். எல்லாவற்றையும்விட என்னைப் பைத்தியமாக்கியது அரிப்பு. இல்லாத மார்பின் காம்பில் அரிக்கும். சொறியப் போனால் விரலுக்கு விலா எலும்புதான் கிடைக்கும். அந்த நேரத்தில் வருகிற ஆத்திரத்தை எதன்மேல் காட்டுவது? இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைத் தரையில் அடித்து நசுக்கியிருக்கிறேன். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்த கன்னடப் பெண் ஒருத்திதான், "எல்லி நோவு அம்மா?" என்று, எங்கே வலி என்று, கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். சுவரோரம் நின்று விரல்களால் சுவரில் மேலே மேலே ஏற வேண்டும், தினமும் ஏற வேண்டும், விட்டால் தோள் இறுகிவிடும், கை வீங்கும் என்றாள். வீட்டில் அதற்கும் வழி இல்லை. கர்ப்பப்பை எடுத்தவள் எதற்குச் சுவரைப் பிடித்து ஏறுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாளாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஈரச் சுவரில் விரலை நகர்த்தினேன். சொந்த வீட்டில், சொந்தக் கையைத் தூக்குவதற்குத் திருடி மாதிரி ஒளிந்துகொண்டேன்.

தலைமுடி கொட்டும் ஊசி எனக்குத் தேவைப்படவில்லை, மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். நாத்தனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேள, சாமி காப்பாத்திச்சு. முடி போயிருந்தா எப்பிடி மறைக்கறது?" என்றாள். இன்னொரு நாள் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "புள்ளைக்குப் பால் குடுத்து முடிச்சாச்சு. இனிமே அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள். அவளுக்கு இரண்டும் இருந்தன.  பதில் பேசியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மனநல ஆலோசகர் என்று ஓர் இளம் பெண்ணிடம் அனுப்பினார்கள். பாசிட்டிவாக இருங்கள், மனசில் உள்ளதை வீட்டில் இருப்பவர்களிடம் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றாள். பக்கத்து நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவளும் தலையாட்டினாள்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்தார்கள். கூடப்பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களையும் ஒருமுறை மார்பைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒரே தங்கை. நாகரசம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது, மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள். அவளிடமும் கர்ப்பப்பை என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். "தங்கச்சிக்கிட்ட சொன்னா அவ மாமியாருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரிஞ்சா மைக் வச்ச மாதிரி" என்றாள் நாத்தனார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். மாங்காய் அறுப்பு முடியட்டும், மழை நிற்கட்டும், பண்டிகை போகட்டும். அப்புறம் என்பது எங்கள் வீட்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை.

மறுபடி வேலைக்குப் போனேன். பைக்குகளுக்கு மீட்டர் செய்யும் கம்பெனி எங்களுடையது. என் வேலை பைனல் செக்கிங். லைன் கடைசியில் நின்றுகொண்டு, வருகிற மீட்டரைக் கண்ணால் பார்த்து, கீறல் இருந்தால் தனியே எடுத்து வைக்க வேண்டும். நிற்க வேண்டுமே தவிர கைக்குப் பெரிய பாடு இல்லை. என்ன ஆபரேஷன் என்று எழுதிய என் மெடிக்கல் சர்டிபிகேட் ஆபீசில் எங்கோ இருந்தது. ஆபீஸ் வேறு உலகம், லைன் வேறு உலகம். லைனுக்கு வாய்வழிச் செய்திதான். எங்கள் லைன் லீடர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், தங்கமான மனசு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"எக்கா, எங்கம்மைக்கும் எடுத்திருக்கு. நிக்கவே கூடாது. ஒங்களுக்கு ஒக்காந்து பாக்குற வேல போட்டு வச்சிருக்கேன்."

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பது ஸ்க்ரூ முடுக்குவது. தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும் மிஷினை வலது கையால் எட்டிப் பிடித்து, கீழே இழுத்து, முடுக்கி, மேலே விட வேண்டும். அடுத்த மீட்டர். மறுபடி எட்டி, இழுத்து, முடுக்கி. ஷிப்ட் முழுவதும். நல்ல மனசோடு என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு அட்டையும் மடித்து வைத்தாள். இதில் யார்மேல் கோபப்படுவது? என் வாயை ஒருத்தி தைத்து வைத்தாள். இன்னொருத்தி என்மேல் இரக்கப்பட்டாள். நடுவில் செத்தது என் கை.

வாரக் கடைசிக்குள் கை வீங்கியது. வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. ரவிக்கைக் கையின் தையலை என் மகள் பிரித்துவிட்டாள். அவள் கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் உண்மை தெரிந்து என்னோடு அதைப் பேசுகிற ஒரே ஆள். "ம்மா, லைன் லீடர்கிட்ட நான் போன் பண்ணி சொல்லட்டா?" என்றாள். "உன் கல்யாணத்துக்காகத்தானேடி இத்தனையும்" என்றேன். "நானா கேட்டேன்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் வராத ஒரு சம்பந்திக்குப் பயந்து நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கையின் போன் வந்தது. சாப்பாட்டு நேரம், கேன்டீன் முழுக்கக் கூட்டம்.

"அக்கா, நானும் எடுத்துர்லாம்னு இருக்கறேன்" என்றாள்.

"என்னத்த?"

"கர்ப்பப்பையத்தான். இடுப்பு வலின்னு ஸ்கேன் எடுத்தேன், சின்னதா ஒரு கட்டி இருக்குதாம். டாக்டரம்மா, ஒன்னும் பயமில்ல, ஊட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டாங்க. எங்கக்காவுக்கு எடுத்தே போட்டாங்கன்னு சொன்னேன். அப்பிடின்னா எடுத்துடறது நல்லதுன்னுட்டாங்க. நாளைக்குக் காலைல அட்மிட்டு."

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. நாத்தனார் ஆஸ்பத்திரி வாசலில் அவிழ்த்துவிட்ட பொய் எங்கெங்கோ சுற்றி, ஒரு டாக்டரின் காதுக்குள் போய், என் தங்கையின் வயிற்றை அறுக்கத் தேதி குறித்திருந்தது. டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. குடும்பத்தில் இருக்கிறது என்று நோயாளியே சொல்கிறாள்.

"வேண்டாம்டி. எடுத்துக்காத" என்றேன்.

"நீ எடுத்துக்கலாம், நான் எடுத்துக்கக் கூடாதா? இழுத்துக்கிட்டே கெடந்தா செலவு யாரு பாக்கறது? எங்க மாமியாரே சரின்னுட்டாங்க."

பின்னால் அந்த மாமியார் என்னை நலம் விசாரிக்கும் குரல் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. என்னைச் சுற்றிலும் கம்பெனி ஆட்கள். நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, லைன் லீடரிடம் போய்ப் பாதி நாள் பர்மிஷன் கேட்டேன். "வயித்த வலிக்காக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் சூளகிரிவரை உட்கார இடம் கிடைக்கவில்லை. மேல்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் யாராவது என் வலது பக்கத்தில் வந்து மோதினார்கள். மோதியவனையெல்லாம் முறைத்தேன். கிருஷ்ணகிரியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து நாகரசம்பட்டி போய்ச் சேரும்வரை என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான், அதற்கு என்ன யோசனை என்று இருந்தேன்.

அதைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம்.

கூடத்தில் தங்கையின் பை தயாராக இருந்தது. தங்கை, அவள் மாமியார், தங்கை வீட்டுக்காரர் மூன்று பேரும் இருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வயிற்றுக்கு அணைவாக ஒரு தலையணையைக் கொடுத்தார்கள். அதைத் தரையில் போட்டேன்.

"எனக்குக் கர்ப்பப்பைய எடுக்கல. மார எடுத்துட்டாங்க. கேன்சர்" என்றேன்.

 மாமியார்தான் முதலில் பேசினார். "தங்கச்சி மேல பாசம். ஆபரேசன்னதும் பயந்துக்குனு என்னென்னமோ சொல்லுது பாவம்" என்று என் தலையைத் தடவினார். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. நான் வயிற்றில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள் அல்லவா. போனை எடுத்து நேராக என் நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, நாளைக்கு எனக்குக் கர்ப்பப்பை எடுக்கறாங்க. அக்கா இங்க வந்து என்னமோ சொல்லுது. மார்ல ஆபரேசன்னு."

 நாத்தனாரின் குரல் கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல் வந்தது. "அதெல்லாம் ஒன்னுமில்லம்மா. கர்ப்பப்பைதான். ஆபரேசன் ஆனதுலருந்து அவளுக்கு மனசு சரியில்ல. டாக்டருகூட மனசுக்குப் பாக்கறவங்ககிட்ட அனுப்பிச்சாரு. நீ ஒன்னும் கண்டுக்காத, நாளைக்கு நல்லபடியாப் போய் எடுத்துக்க."

எனக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டாள். என் மார்பை எடுத்ததை மறைத்தாள், போகட்டும். என் தங்கையின் வயிற்றை அறுப்பார்கள் என்று தெரிந்தும், 'போய் எடுத்துக்க' என்றாள். மூடி வைத்தது திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஒருத்தியின் உடம்பில் நல்லாயிருக்கிற உறுப்பைக் காவு கொடுக்கத் தயாராக இருந்தாள்.

நான் எழுந்தேன். தங்கை வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க வெளிய போங்க" என்றேன். அவர் போனாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்துப் போட்டேன். ரவிக்கை ஊக்குகளை இடது கையால் அவிழ்க்க நேரமானது. பாடிக்குள் வைத்திருந்த துணி உருண்டையை எடுத்து மேஜையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். நெஞ்சிலிருந்து அக்குள்வரை ஓடும் தழும்பை என் கணவர்கூட நின்று பார்த்ததில்லை. பட்டப்பகலில், கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் அதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பாத்துக்க. இதுதான் கர்ப்பப்பை" என்றேன்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை கிட்டே வந்து, கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டாள். போனில் நாத்தனார், "என்னம்மா? லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை போனை வாய்க்கு அருகில் கொண்டு போனாள். அவள் அதில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மாந்தோப்பில் ஆள்களை வைத்து வேலை வாங்குகிறவள். மூன்று மொழியில் திட்டத் தெரியும். தமிழில் ஆரம்பித்து, தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் முடித்தாள். இத்தனை மாதம் நான் டம்ளரை நசுக்கிக்கொண்டிருந்த கோபத்தை எல்லாம் இவள் வாயால் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு மூச்சு விட முடிந்தது.

ஆபரேஷன் நின்றது. அடுத்த வாரம் அவளை என் ஆஸ்பத்திரிக்கே பெங்களூருக்கு அழைத்துப் போனேன். வயிற்றுக் கட்டி தானாகவே கரையக்கூடியது, கத்தி வைக்க ஒன்றுமில்லை என்றார்கள். மார்பில் எதுவும் இல்லை, வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். கம்பெனியில் லைன் லீடரிடம், மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தி, எனக்கு எதை எடுத்தார்கள் என்று சொன்னேன். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் என் கையைப் பார்த்துவிட்டு அழுதாள்; அன்றைக்கே என்னை நிற்கிற வேலைக்கு மாற்றினாள். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. பெண்ணுக்கு இனி எந்த வரனும் வராது என்று சாபம் விட்டிருக்கிறாளாம். கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார். கை இன்னும் வீங்குகிறது. அரிப்பும் போகவில்லை.

நடந்ததில் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில், ஒன்றுமில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் நான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு நான் போன் பண்ணாமயே போய் எடுத்துக்கிட்டிருந்தா? அதுக்கப்புறம் எனக்குச் சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லப் பழகின வாய் அது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எடுத்து முடித்த பிறகு அவளிடம் வந்து, உன் கர்ப்பப்பையை வீணாகத்தான் எடுத்துவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்? பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போய், குனியாதே, குடம் தூக்காதே என்று நானே புத்தி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

"மாட்டேன்" என்றேன்.

அத்திப்பள்ளி தாண்டும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பச் சொல்லி நானும் கேட்கவில்லை.